ஏழாம் வட்டத்து வீடுகள்

வறுமைக்குக் காரணம் வறியவரின் குணமா, அவர் வாழ நேர்ந்த சூழலா என்னும் வினா மிகப் பழமையானது. இதற்கு விடை கூற முற்பட்டோர் பலர். வறியவரின் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே அமர்ந்து, அவரிடமே கேட்டறிந்து விடை கூறியோர் சிலரே. அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதியும் இயங்கியும் வந்த அவரை உலகம் போராளியாகவும் எழுத்தாளராகவும் அறியும். அவர் தம் இளமையில் ஒரு நகரத்தின் ஒரு பகுதியை வீடு வீடாக ஆராய்ந்து எழுதிய வரலாறு அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை.

வில்லியம் எட்வர்டு பர்கார்ட் டு பாய்ஸ் 1868ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அடிமைமுறை ஒழிந்து மூன்றாண்டுகளே கடந்திருந்த காலம் அது. தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்து சென்றார். தாய் மேரி சில்வினா, பக்கவாதத்தால் தளர்ந்த உடலோடு வீட்டு வேலைகள் செய்து மகனைப் படிக்க வைத்தார். பள்ளிப் படிப்பு முடிந்த மறு ஆண்டே தாயும் மறைந்தார். ஊரிலிருந்த தேவாலயங்கள் திரட்டிக் கொடுத்த பொருளுதவியைக் கொண்டு 1885இல் டென்னசி மாநிலத்தின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கோடை விடுமுறைகளில் அம்மாநிலத்துச் சிற்றூர்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பாடம் கற்பித்தார். வடக்கே வளர்ந்த அவர், தெற்கின் வறுமையை நேரில் கண்டது அப்போதுதான்.

ஃபிஸ்க்கில் பட்டம் பெற்றிருந்தும், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மீண்டும் இளங்கலை மாணவராகவே சேர வேண்டியிருந்தது. அங்குப் பயின்றபின் ஜெர்மனியின் பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஈராண்டுகள் பொருளியலும் வரலாறும் கற்றார். கருத்துகளை முன்வைக்கும் முன்னர்த் தரவுகளைத் திரட்ட வேண்டும் என்னும் ஒழுங்கை அவர் பெற்றது குஸ்தாவ் ஷ்மோலர் முதலிய ஜெர்மானியப் பேராசிரியர்களிடமிருந்தாகும். 1895இல் ஹார்வர்டு அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

இத்தகைய கல்வி பெற்ற ஒருவரை 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பணிக்கு அழைத்தது. ஊதியம் ஆண்டுக்கு 900 டாலர். பதவி, உதவியாளர் நிலையிலானது. வகுப்பெடுக்கும் வாய்ப்போ மாணவரோடு பழகும் வாய்ப்போ அதில் இல்லை. பணி இதுதான்: பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டத்தில் நெருங்கி வாழும் கறுப்பின மக்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். நகர நிருவாகம் சீர்கெட்டிருந்தது. அச்சீர்கேட்டுக்கு ஏழாம் வட்டத்துக் கறுப்பின வாக்காளர்களே காரணம் என்னும் எண்ணம் சீர்திருத்தம் பேசிய பெருமக்கள் பலரிடம் வேரூன்றியிருந்தது. நோய் இன்னது என்று முன்னரே முடிவு செய்துகொண்டு, அதற்கு ஒரு மருத்துவரின் கையொப்பத்தை மட்டும் நாடியது போன்ற அழைப்பு அது. டு பாய்ஸ் இதனை அறியாதவர் அல்லர். எனினும், உண்மையைக் கண்டறியக் கிடைத்த வாய்ப்பாகவே அதனைக் கருதினார்.

அப்போதுதான் நீனா கோமர் என்பவரை அவர் மணந்திருந்தார். இருவரும் ஏழாம் வட்டத்தின் மிக மோசமான பகுதியில், உணவுக்கூடம் ஒன்றின் மேலிருந்த ஒற்றை அறையில் குடியேறினர். அழுக்கும் குடிவெறியும் குற்றமும் சூழ்ந்த தெரு அது. அவ்வறையிலிருந்து நாள்தோறும் புறப்பட்டுச் சென்ற டு பாய்ஸ், கூலிக்கு ஆள் அமர்த்தாமல் தாமே கதவுகளைத் தட்டினார். குடும்பம், தனியாள், வீடு, தெரு, நிறுவனம், வீட்டுப் பணியாளர் என ஆறுவகைப் படிவங்களை உருவாக்கிக்கொண்டார். ஏறத்தாழ 2,500 குடும்பங்களைச் சந்தித்தார். அவ்வட்டத்தில் வாழ்ந்த 9,675 கறுப்பின மக்களின் வயது, பிறந்த இடம், தொழில், வருவாய், வாடகை, எழுத்தறிவு ஆகியன அவருடைய படிவங்களில் ஏறின.

மக்கள் அவரை மகிழ்ந்து வரவேற்றனர் என்று கூறிவிட இயலாது. கையுறை அணிந்து, கைத்தடியுடன், சீரிய ஆங்கிலம் பேசி வந்த அந்த இளைஞரை அவர்கள் ஐயத்தோடு நோக்கினர். தங்களை யாரோ ஆய்வுக்கூடப் பொருளாக்கி ஆராய்வதை அவர்கள் விரும்பவில்லை. தம் இனத்தைப் பற்றித் தாம் அறிந்திருந்தது மிகக் குறைவே என்பதை டு பாய்ஸ் அவ்வீடுகளின் வாயிலில்தான் உணர்ந்தார். இதைப் பிற்காலத்தில் தம் நூல்களில் மறைக்காமல் எழுதியும் வைத்தார்.

அவர் கண்டவை யாவை? முதலாவது, தொழில். ஏழாம் வட்டத்து ஆண்களுள் பெரும்பாலோரும், பெண்களுள் ஏறத்தாழ அனைவரும் பிறர் வீடுகளில் ஏவல் செய்து வாழ்ந்தனர். வேறு தொழில் அறியாமையால் அன்று. வேறு தொழிலில் நுழைய விடப்படாமையால். தச்சு, கொத்து, அச்சு முதலிய தொழில் கற்ற கறுப்பினத்தவரைத் தொழிற்சங்கங்கள் உறுப்பினராகச் சேர்க்க மறுத்தன. சங்கத்தில் இல்லாதவரை முதலாளிகள் வேலைக்கு அமர்த்தவில்லை. கல்லூரியில் பயின்ற இளைஞரும் உணவு பரிமாறும் பணிக்கே செல்ல நேர்ந்தது. இந்நிலை இயற்கையானது அன்று என்பதற்கு அதே நகரிலிருந்த மிட்வேல் எஃகு ஆலையைச் சான்றாகக் காட்டினார். அங்குக் கறுப்பினத் தொழிலாளரும் வெள்ளையினத் தொழிலாளரும் ஒரே குழுவில் கலந்து பணியாற்றினர். ஆலை குறைவின்றி இயங்கியது.

இந்நகரத்துக் கறுப்பினத்தார் என்றும் இவ்வாறே இருந்தவர்களும் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் போகிள் என்பவர் விருந்துகளுக்கு உணவு சமைத்து வழங்குவதை ஒரு தொழிலாகவே வளர்த்தெடுத்தார். அவருக்குப் பின் தாமஸ் டார்சி, ஹென்றி மின்டன் முதலியோர் அத்தொழிலில் செல்வமும் செல்வாக்கும் பெற்றனர். நகரத்துப் பெருஞ்செல்வர் வீட்டு விருந்துகள் அவர்களின்றி நடைபெறவில்லை. பின்னர்ப் பெருமூலதனம் கொண்ட விடுதிகள் தோன்றின. ஐரோப்பியக் குடியேறிகள் போட்டிக்கு வந்தனர். கறுப்பினத்தவருக்குக் கடன் தர எவரும் முன்வராத நிலையில் அத்தொழில் கைநழுவியது. ஒரு தலைமுறை ஈட்டியதை அடுத்த தலைமுறை தக்கவைக்க முடியாமற்போன வரலாற்றை டு பாய்ஸ் மிகுந்த கவனத்தோடு எழுதியுள்ளார்.

இரண்டாவது, வாடகை. ஏவல் பணி செய்வோர் செல்வர் வாழும் தெருக்களுக்கு அருகிலேயே குடியிருந்தாக வேண்டும். வேறு பகுதிகளில் அவர்களுக்கு வீடு தர உரிமையாளரும் தரகரும் மறுத்தனர். ஆகவே, அதே வகை வீட்டுக்கு வெள்ளையினத்தவரைக் காட்டிலும் மிகுதியான வாடகையை அவர்கள் செலுத்தினர். குறைந்த கூலியில் மிகுந்த வாடகை கொடுப்பது எங்ஙனம்? ஓர் அறையை ஒண்டுக்குடித்தனத்துக்கு விட்டனர். முன்பின் அறியாதவர் வீட்டுக்குள் வந்தனர். குடும்பத்துக்கு இருந்த சிறிதளவு தனிமையும் மறைந்தது. தாய் பகல் முழுதும் பிறர் வீட்டில் உழைக்க, குழந்தைகள் தெருவில் வளர்ந்தனர். 2,441 குடும்பங்களுள் குளியலறை, கழிப்பறை வசதி வாய்த்தவை 334 மட்டுமே.

இவ்விடத்தில் அக்காலத்து அறிஞர் பலர் செய்த பிழையை நினைவுகூர வேண்டும். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் புள்ளியியலாளரான ஃபிரெடெரிக் ஹாஃப்மன் 1896இல் ஒரு நூல் வெளியிட்டார். கறுப்பினத்தவரிடையே இறப்பு மிகுதியாக இருப்பதற்கு அவர்களின் இனக்கூறே காரணம் என்பது அந்நூலின் முடிபு. ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் வெள்ளையினத்தாரே அதே அளவில் இறந்துள்ளதை டு பாய்ஸ் எண்களால் எடுத்துக்காட்டினார். ஈரம் கசியும் சுவரும், காற்றுப் புகாத அறையும், கழிவுநீர் தேங்கும் சந்தும் எவ்வினத்தவரையும் நோய்க்கு உள்ளாக்கும் அல்லவா?

ஆய்வின் முடிவுகளை அவர் ஒரு வண்ண வரைபடமாகவும் தீட்டினார். ஏழாம் வட்டத்துக் கறுப்பினக் குடும்பங்களைப் பொருளாதார நிலைக்கேற்ப நால்வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம் கொடுத்தார். வெளியார் ஒரே இருளாகக் கண்ட பகுதியில் ஆசிரியர், வணிகர், உழைப்பாளர், வறியவர், குற்றவாளி எனப் பலதிறத்தார் வாழ்ந்ததை அவ்வரைபடம் புலப்படுத்தியது. 1899இல் வெளிவந்த ‘பிலடெல்பியா நீக்ரோ’ என்னும் அவரது நூல், அமெரிக்க நகரச் சமூகவியலின் முன்னோடி நூல்களுள் ஒன்றாக இன்று போற்றப்படுகிறது.

அந்நூலில் குறையும் உண்டு. வறியவரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுமிடங்களில் டு பாய்ஸின் குரல் கண்டிப்பான பள்ளியாசிரியரின் குரலாக மாறிவிடுகிறது. சிக்கனமும் உழைப்பும் குறைந்தமைக்காக அவர் தம் மக்களைக் கடிந்துகொள்கிறார். கூலியும் வாடகையும் பற்றிய அவருடைய எண்களே அக்கடிந்துரைகளுக்கு மறுமொழி கூறுவதை நூலைப் படிப்போர் உணரலாம். இளைஞரான அவர் அப்போது ஒன்றை உறுதியாக நம்பினார்: மக்கள் தீங்கிழைப்பது அறியாமையால், உண்மையை எண்களோடு எடுத்துரைத்தால் அவர்கள் திருந்துவர்.

அந்நம்பிக்கை உடைந்தது, நூல் வெளிவந்த அதே 1899ஆம் ஆண்டில். அப்போது அவர் தெற்கே அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ஏப்ரல் மாதத்தில் சாம் ஹோஸ் என்னும் கறுப்பின உழவுத் தொழிலாளி, தம் முதலாளியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். உண்மைகளை அமைதியாக எடுத்துரைக்கும் மடல் ஒன்றை எழுதிக்கொண்டு, டு பாய்ஸ் நாளிதழ் அலுவலகத்தை நோக்கி நடந்தார். வழியிலேயே செய்தி எட்டியது. விசாரணை ஏதுமின்றி ஒரு கும்பல் ஹோஸை உயிருடன் எரித்துக் கொன்றிருந்தது. அவருடைய விரல் எலும்புகள் அதே தெருவில் ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. டு பாய்ஸ் மடலைக் கொடுக்காமலே வீடு திரும்பினார். அடுத்த மாதம் இரண்டு வயதும் நிரம்பாத அவருடைய மகன் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தான். அந்நகரில் கறுப்பின மருத்துவர் மிகச் சிலரே. வெள்ளையின மருத்துவர் கறுப்பினக் குழந்தைக்கு மருத்துவம் பார்க்க வருவதில்லை. இறப்பு வீதத்தைப் பிறர் வீடுகளில் கணக்கிட்டவர், அதன் காரணத்தைத் தம் வீட்டிலேயே கண்டார்.

அதன்பின் ஆய்வை அவர் கைவிடவில்லை. ஆய்வு மட்டும் போதும் என்னும் எண்ணத்தைக் கைவிட்டார். 1903இல் ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். உரிமைகளைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தொழில் கற்போம் என்ற புக்கர் டி. வாஷிங்டனின் வழியை அதில் மறுத்தார். 1909இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் உருவாவதில் பங்கேற்றார். அதன் இதழான ‘கிரைசிஸ்’ஸை 1910 முதல் 1934 வரை நடத்தினார்.

1935இல் வெளிவந்த பெருநூலில், ஏழாம் வட்டத்தில் எழுந்த வினாவுக்கு மேலும் ஆழமான விடையை அளித்தார். அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலை பெற்றோருக்கு நிலம் வழங்கப்படவில்லை. சிலருக்கு வழங்கிய நிலமும் திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் சேமித்து வைத்த பணத்தை ஏற்ற விடுதலையடைந்தோர் சேமிப்பு வங்கி 1874இல் முறிந்து, 60,000க்கும் மேற்பட்டோரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. ஏழை வெள்ளையினத் தொழிலாளிக்குக் கிடைத்த கூலியும் குறைவே. ஆயினும், கறுப்பினத்தவரைவிட மேலானவர் என்னும் மதிப்பு அவருக்குக் கூலியோடு சேர்த்து வழங்கப்பட்டது. அதனால் இரு திறத்து ஏழையரும் ஒன்றுசேரவில்லை. இருவரின் கூலியும் உயரவில்லை. நிறவேற்றுமையால் ஊதியம் பெறுவோர் யார் என்று அவர் எழுப்பிய வினா, தொழிற்சங்கங்கள் தம் கதவுகளை ஏன் அடைத்தன என்பதையும் விளக்குகிறது.

அவர் இந்நூலை எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அமெரிக்க நகரங்கள் மாறிக்கொண்டிருந்தன. தெற்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் வடக்கே குடிபெயர்ந்தனர். 1890இல் 40,000 அளவில் இருந்த பிலடெல்பியாவின் கறுப்பின மக்கள்தொகை, 1930இல் இரண்டு இலட்சத்தைக் கடந்தது. 1930களில் நடுவணரசின் வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று பெருநகரங்களின் வரைபடங்களுக்கு நால்வகை நிறம் தீட்டியது. கறுப்பினத்தார் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் அடங்கின. சிவப்பு, கடன் கொடுக்க ஏற்றதன்று என்பதன் குறி. டு பாய்ஸின் வரைபடத்தில் சிவப்பு, வசதியாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பத்தைக் குறித்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது. கடன் இன்றேல் சொந்த வீடு இல்லை. வீடு இன்றேல் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லச் சொத்து இல்லை. அமெரிக்கப் பள்ளிகள் அப்பகுதியின் வீட்டுவரியை நம்பி நடைபெறுவதால், வீட்டு மதிப்புக் குறைந்த பகுதியின் பள்ளியும் நலிந்தது. கேடு எண்ணாத ஒரு தலைமுறை வந்தபோதும், முன்னோர் வரைந்த கோடுகள் அவ்விடத்திலேயே இருந்தன.

1946இல் இந்தியாவிலிருந்து அவருக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் டாக்டர் அம்பேத்கர். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளை வேண்டியிருந்த அவர், இந்தியாவின் தீண்டப்படாத மக்களுக்கும் அவர்களுக்கும் உள்ள ஒப்புமையையும் குறிப்பிட்டிருந்தார். டு பாய்ஸ் பரிவோடு மறுமொழி எழுதினார். மறு ஆண்டில் தம் தலைமையில் உருவான மற்றொரு விண்ணப்பத்தையும் அவ்வவைமுன் வைத்தார்.

முதுமை அவருக்கு அமைதியைத் தரவில்லை. அமைதி இயக்கத்தில் ஈடுபட்டதற்காக 1951இல், தம் 82ஆம் வயதில், அயல்நாட்டு முகவர் என்னும் குற்றச்சாட்டில் கைவிலங்கிடப்பட்டார். வழக்கில் விடுதலை பெற்றும் சில ஆண்டுகள் அவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1961இல் கானா நாட்டின் தலைவர் குவாமே என்குருமாவின் அழைப்பை ஏற்று, ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் தொகுக்க அக்ராவுக்குச் சென்றார். அங்கேயே 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் தம் 95ஆம் வயதில் மறைந்தார். மறுநாள், வேலையும் விடுதலையும் வேண்டி வாஷிங்டன் நகரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடிய பேரணியின் மேடையில் அச்செய்தி அறிவிக்கப்பட்டது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2012இல் அவருக்கு மதிப்புறு தகைசால் பேராசிரியர் பதவியை வழங்கியது. அவர் அங்கு ஆய்வுப்பணி ஏற்று 116 ஆண்டுகள் கடந்திருந்தன.