பிள்ளை பிடிக்கிற அம்மாள்



இம்முறை ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி எழுத ஏவப்பட்டேன். 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர், 1895-ல் இந்தியா வந்தவர், பிறகு ஊர் திரும்பவே இல்லை. இதெல்லாம் நம்மில் பலருக்குத் தெரியும். நான் சொல்ல விரும்புவது பிரீனா என்ற ஒரு சிறுமியைப் பற்றித்தான்.

ஏழு வயசுப் பிள்ளை. கோவில் பெண்களிடம் விடப்பட்டவள். ஒருமுறை தப்பித்து, சுமார் 20 மைல் நடந்து, தூத்துக்குடியில் தாயிடம் போய்ச் சேர்ந்தாள். தாயோ தெய்வ குற்றத்துக்குப் பயந்து, தேடி வந்தவங்க கையிலேயே ஒப்புக்கொடுத்துவிட்டாள். அந்தப் பிஞ்சுக் கைகளில் சூடு போட்டார்கள். 1901 மார்ச்சில் மறுபடியும் ஓடினாள். பண்ணைவிளையில் ஆலயத்துக்கு வெளியே நின்றவளை ஒரு விசுவாசி சகோதரி கண்டு, மறுநாள் காலையில் ஏமி அம்மாளிடம் கூட்டிப் போனார். பிள்ளை பிடிக்கிற அம்மாள் என்று சொல்லிப் பயங்காட்டியிருந்தார்களே, அதே அம்மாளின் மடியில் ஏறி உட்கார்ந்தாள்!

துணிப் பொம்மையை வைத்துக்கொண்டு, தனக்கு நடந்ததைச் செய்து காட்டினாள். அம்மாள் முழுவதும் கேட்டார். நம்பினார். கோவில் பெண்கள் தேடி வந்தபோது பிள்ளை போக மறுத்தாள், அம்மாளும் விடவில்லை.

இங்கே என் இருதயம் குத்தப்படுகிறது. சில வருஷத்துக்கு முன் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு சிறுமி, வீட்டுக்கு வந்துபோகும் உறவுக்காரரைப் பற்றி என்னிடம் சொல்ல வந்தாள். பாதி கேட்டுவிட்டு, ஜெபம் பண்ணும்மா, சரியாயிடும்னு அனுப்பிட்டேன். குடும்ப மானம் போகுமே என்று நினைத்தேன். ஆறு மாசம் கழித்துத்தான் அவள் தாயிடம் பேசினேன். அந்த ஆறு மாசமும் அவள் அதே வீட்டில்தானே இருந்தாள்? தூத்துக்குடித் தாய்க்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? 2012-ன் போக்சோ சட்டப்படி தெரிந்தும் மறைப்பது குற்றம். குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணை இப்போது வகுப்புச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

அம்மாளின் ஊழியம் டோனாவூரில் வளர்ந்தது. 1913-ல் 130 பிள்ளைகள்! பொன்னம்மாள் என்ற இளம் விதவை கைக்குழந்தைகளைத் தாயாக வளர்த்தார். பிறந்தநாள் தெரியாத பிள்ளைகள் அநேகர். ஆகவே அவரவர் அங்கே வந்து சேர்ந்த நாளையே கொண்டாடினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். என்ன நடந்தது என்பதையல்ல, எப்போது வீடு வந்தாய் என்பதை எண்ணினார்கள்.

1931-ல் குழியில் விழுந்து, 1951 ஜனவரியில் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, தாங்கள் அவரைக் கூப்பிட்ட பெயரை மாத்திரம் பொறித்தார்கள்.