வாராக் காலத்தை வந்ததாகக் கொண்டவர்

மாணவர்க்குக் கால வழுவமைதி கற்பிக்கும்போது பழைய உதாரணம் ஒன்றையே நானும் சொல்லி வருகின்றேன். சோற்றின் முன் அமர்ந்திருக்கும் ஒருவனை வாயிலில் நின்று தோழன் அழைக்கின்றான். இன்னும் உண்டு முடியாதவன், உண்டேன், வந்தேன் என்று விடை கூறுகின்றான். விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்களால் முக்காலமும் தம்முள் மயங்கலாம் என்று நன்னூலார் இடந்தந்தார். விரைவு என்பது பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடுகின்றது. அவர்களே நாள்தோறும் செய்வதன்றோ! தெளிவுதான் விளங்குவதில்லை. வராத ஒன்றை, வந்தே தீரும் என்னும் உறுதியால் வந்ததாகவே கொள்வது எங்ஙனம் என்று அவர்கள் வினவும்போது, எங்கள் மட்டக்களப்பு நாட்டிற் பிறந்த விபுலாநந்த அடிகளாரின் வரலாற்றை நான் சொல்லத் தொடங்கிவிடுவேன். பாடவேளை முடிந்துவிடும், வரலாறு முடியாது.

1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் காரைதீவிலே, சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாய்த் தோன்றியவர் மயில்வாகனனார். அதே 1892இல்தான் உ. வே. சாமிநாதையரின் பெருமுயற்சியால் சிலப்பதிகாரம் அடியார்க்குநல்லார் உரையுடன் அச்சேறியது. இவ்விரண்டையும் ஓர் ஊழின் செயலாகச் சேர்த்துப் பேசுவாரும் உளர்; நான் அவ்வளவு தூரம் செல்லேன். ஆயினும் ஒன்று சொல்லலாம். சிலம்பின் கதை காரைதீவுக்கு அச்சு நூலின் வழியாக வந்ததன்று. அங்கே கண்ணகியம்மனுக்குக் கோயில் உண்டு. ஆண்டுதோறும் வைகாசியில் குளிர்த்தி நிகழும், வழக்குரை பாடப்பெறும். ஏட்டுச் சுவடிகளில் அறிஞர்கள் தேடிய காவியத்தின் தலைவியை அவ்வூர்ப் பிள்ளைகள் தங்கள் தாயென்று அறிந்து வளர்ந்தனர். பழமை என்பது முடிந்துபோன காலமன்று, மீண்டும் மீண்டும் வருவது என்னும் உணர்வு அவருக்கு அங்கேயே ஊறியிருத்தல் வேண்டும்.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்று, கொழும்பிலே ஆசிரியப் பயிற்சியும் விஞ்ஞானப் பயிற்சியும் பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்வில் வெற்றியுற்றார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் தேறியவருள் அவரே முதல்வர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் அவரை அடைந்தது. அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரிக்குத் தலைமையாசிரியரானார். பதவியும் ஊதியமும் கைகூடிய அவ்விடத்தில் நில்லாது, 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். உலகைத் துறந்தவர் பள்ளிக்கூடங்களைத் துறக்கவில்லை. 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் எழுந்தது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பாரதியார் மறைந்து பத்தாண்டே ஆகியிருந்த காலம் அது. புலவர் பலர் அவரைப் பாட்டுக் கட்டுபவர் என்ற அளவிலேயே வைத்து எண்ணினர். அடிகளாரோ பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பாரதி பாடல்களைப் பயிலக் கழகம் ஒன்று அமைத்தார். சங்க நூல்களில் தோய்ந்த பண்டிதர் இதனைச் செய்தது பலர்க்கு வியப்பாயிருந்தது. எனக்கு வியப்பில்லை. கிட்டாத விடுதலையைக் கிட்டியதாகவே கொண்டு ஆனந்தக் கூத்தாடிய கவிஞரன்றோ பாரதியார்! நன்னூலார் சொன்ன தெளிவு அதுவே.

அடிகளாரின் தெளிவு வேறொரு வழியிலும் வெளிப்பட்டது. 1936இல் சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். பௌதிகமும் இரசாயனமும் தமிழிற் கற்பிக்க இயலாது என்று கற்றவர்களே பேசிய நாட்களில், எழுதப்படாத பாடநூல்களுக்கும் பிறவாத மாணவர்களுக்குமாகச் சொற்களை ஆக்கும் பணி அது. பின்னர் இலங்கைப் பள்ளிகளில் விஞ்ஞானம் தமிழிலேயே கற்பிக்கப்பட்டது. அக்காலத்தில் ஆக்கிய சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை என்பதையும் மறைத்தற்கில்லை. வருங்காலத்துக்கென்று செய்தவை விரைவிற் பழமையாயின. பழமையைப் பற்றி அவர் எழுதிய நூலோ இன்னும் புதுமை குன்றாதிருக்கின்றது. அதுவே யாழ்நூல்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே மாதவியின் ஆடலுக்கு யாழிசைத்த ஆசிரியனின் இலக்கணத்தைக் கூறும் பகுதி சில அடிகளே கொண்டது. அவ்வடிகளை வித்தாகக் கொண்டு அடிகளார் ஏறத்தாழ 14 ஆண்டுகள் உழைத்தார். யாழ் என்னும் கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. பேரியாழுக்கு நரம்பு 21, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்ற எண்கள் உரையில் எஞ்சின. கருவி எஞ்சவில்லை, அதன் ஒலியைக் கேட்ட செவியும் எஞ்சவில்லை. இலக்கியப் புலமை மட்டும் உடையவர் இவ்விடத்தில் வருந்தி நின்றிருப்பர். பௌதிகம் கற்றவர்க்கு ஒரு வழி தெரிந்தது. மன்னரும் நாடும் மாறினும் நரம்பின் நீளத்துக்கும் அதன் ஒலிக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. நரம்பைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு கூறாக்கினால், குரலுக்கு ஐந்தாவதாகிய இளி பிறக்கும். கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தில் உண்மையாயிருந்த கணக்கு கல்லடியிலும் உண்மையே. கணக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னோக்கி நடந்தார். இமயச் சாரலின் மாயாவதியில் ஆங்கில இதழொன்றுக்கு ஆசிரியராயிருந்தபோதும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோதும் நடந்துகொண்டேயிருந்தார்.

எங்கள் வாவியிலே நிலாக் காலத்து இரவுகளில் நீருக்குள்ளிருந்து ஓரிசை எழுவதுண்டு. தோணியை நிறுத்தித் துடுப்பை நீரில் ஊன்றி, அதன் மறுமுனையிற் செவியை வைத்துக் கேட்பர். பாடுவது மீன் என்பர் சிலர். நத்தை இனம் என்பர் சிலர். அடிகளார் அவ்விசையை நீரரமகளிர் பாடலாகக் கண்டு கவிதை செய்தார். கேளாத ஒலிக்காகக் காதைத் தீட்டி வைத்திருத்தல் இந்நீர்நிலையின் மக்களுக்கு இயல்பான பழக்கம் என்று நான் நினைப்பதுண்டு.

1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6ஆம் நாட்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. ஓடக்காரன் இல்லாத ஓடத்தை ஞானசம்பந்தர் தம் பதிகத்தால் வெள்ளத்தின் குறுக்கே செலுத்திய தலம் அது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. உடல் நலிந்திருந்தும் அடிகளார் அங்கே வந்திருந்தார். ஆறு வாரங்களே கழிந்தன. ஜூலை 19ஆம் நாள் கொழும்பிலே மறைந்தார். பாரதியார் முன்னரே பாடிவிட்ட இந்திய விடுதலைக்கு இன்னும் 27 நாட்கள் இருந்தன. இலங்கையின் விடுதலைக்கு ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது. அவரது உடலைக் கல்லடிக்குக் கொணர்ந்து, அவர் கட்டிய பள்ளி வளாகத்திலேயே அடக்கம் செய்தனர்.

மாணவப் பருவத்தில் யாழ்நூலை நூலகத்தில் எடுத்து, சில பக்கங்களிலேயே எண்களைக் கண்டு அஞ்சி மூடிவைத்தவன் நான். தமிழ் படிப்பவனுக்குப் பின்னங்கள் எதற்கு என்ற ஆணவமும் உடனிருந்தது. பல்லாண்டு கழித்து, கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவரோடு அமர்ந்து அதனை மீண்டும் திறந்தேன். அவர் நூலைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, படித்தது போதும், கட்டிப் பார்ப்போம் என்றார். பலகை ஒன்றில் இரண்டு ஆணி அறைந்து, மீனவர் தங்கூசி என்று வழங்கும் நைலோன் இழையை 90 சென்ரிமீற்றர் நீளத்துக்கு இழுத்துக் கட்டினோம். 60இல் மரத்துண்டை வைத்து மீட்டினோம். அடுத்த அறையில் இசை பயின்றுகொண்டிருந்த நண்பரின் மகள் எட்டிப் பார்த்து, பஞ்சமம் சரியாக இருக்கிறதே என்றாள். அவளுக்கு அது பஞ்சமம், எங்களுக்கு இளி. நாங்கள் இருவரும் வாயடைத்து இருந்தோம்.

அப்பலகை இன்னும் என்னிடம் உள்ளது. இழை உவர்க்காற்றில் தளர்ந்து போயிருந்தது. சென்ற மாதந்தான் புதிதாக ஒன்று கட்டினேன்.