தறி வரி முதல் ஆற்று நீர் வரை: நந்திவர்மன் தந்த நிலக் கொடையில் என்ன இருந்தது?

மனை வாங்கப் போனால் பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று என்று அலைகிறோம் இல்லையா? சுமார் 1,270 ஆண்டுகளுக்கு முன்பு, காஞ்சிபுரம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றுக்கு இந்த வேலையைச் செய்தவை 11 செப்புத் தகடுகள். அதைக் கொடுத்தவர் பல்லவ மன்னர் இரண்டாம் நந்திவர்மன்.

யார் இந்த நந்திவர்மன்?

731 வாக்கில் பல்லவ மன்னர் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். காஞ்சியின் பெரியவர்கள், பல்லவர்களின் கிளை வழியில் வந்த இரணியவர்மனிடம் போய் அரசர் கேட்டார்கள். அவருடைய மூத்த பிள்ளைகள் மறுத்துவிட, 12 வயதுக் கடைக்குட்டி சம்மதித்தார். அவர்தான் நந்திவர்மன். இந்தக் கதையைக் காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ச் சிற்பங்களில் இன்றும் பார்க்கலாம்.

அப்பாவிடமிருந்து வந்த பட்டம் இல்லை என்பதால், போட்டியும் பகையும் கடைசிவரை விடவில்லை. சாளுக்கிய மன்னர் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியையே பிடித்தார். ஆனால் கைலாசநாதர் கோயில் சொத்தைத் தொடாமல் திருப்பித் தந்துவிட்டார். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. பிறகு நந்திபுரத்தில் எதிரிகள் முற்றுகையிட்டபோது, தளபதி உதயசந்திரன் வந்து மன்னரை மீட்டார். அவர் கேட்டுக்கொண்டபடி, 108 பிராமணர்களுக்கு ஒரு கிராமம் கொடையாகப் போனது.

ஆக, இந்த மன்னருக்குக் கொடை என்பது புண்ணியக் கணக்கு மட்டுமல்ல. தன்னைத் தாங்கியவர்களைத் தக்கவைக்கும் வழியும் அதுதான்.

செப்பேட்டில் என்ன இருக்கிறது?

காரைக்கால் அருகே காசாக்குடியில் 1879-ல் கிடைத்தது அந்தச் செப்பேடு. வடமொழியும் தமிழும் கலந்தது. மன்னரின் 22-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அமைச்சர் பிரம்மஸ்ரீராஜன் கேட்டுக்கொண்டதால், ஊற்றுக்காட்டுக் கோட்டத்தில் இருந்த கொடுகொல்லி என்ற ஊர், ஏகதீரமங்கலம் என்ற புதுப் பெயரோடு சேட்டபாத சோமயாஜி என்பவருக்குக் கொடுக்கப்பட்டது.

உத்தரவு போட்டதோடு வேலை முடியவில்லை. நாட்டார் ஊரைச் சுற்றி நடந்து, எல்லையில் கல் நட்டு, கள்ளிச் செடியும் வைத்தார்கள். அன்றைய சர்வே அதுதான். செக்கு, தறி உட்பட மன்னர் வாங்கிவந்த வரிகள் பட்டியல் போட்டு விலக்கப்பட்டன. சேயாறு, வேகவதி, திரையனேரி ஆகியவற்றிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் உரிமையும் சேர்ந்தே வந்தது.

இதற்கும் ஆங்கிலேயச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் சிக்கல் ஒன்றுதான். பழைய ஆங்கிலேயச் சட்டத்தில், நிலத்தைக் கைமாற்ற சாட்சிகள் முன்னால் மண் கட்டியோ மரக் குச்சியோ எடுத்து வாங்குபவர் கையில் கொடுப்பார்கள். வாடகை, வழிப் பாத்தியதை மாதிரியான உரிமைகளை அப்படிக் கையில் எடுத்துத் தர முடியாதே? அதற்காக எழுதி, முத்திரை வைத்துத் தந்த ஆவணம்தான் ‘கிராண்ட்’. நிலத்தையும் அப்படி ஆவணத்தின் மூலமே மாற்றலாம் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1845-ல்.

காசாக்குடிச் செப்பேட்டில் இரண்டையும் பார்க்கலாம். எல்லையை நடந்து காட்டியது நிலத்துக்காக. கண்ணுக்குத் தெரியாத வரி உரிமைக்கும் தண்ணீர் உரிமைக்கும் எழுத்து.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

அந்த ஊரை முன்பு அனுபவித்தவர்களை மாற்றிவிட்டுத்தான் இந்தக் கொடை என்று செப்பேடே சொல்கிறது. அவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. வரி விலக்கு என்றதும் நெசவாளியின் சுமை குறைந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இத்தகைய கொடைகளில், மன்னர் விட்டுக்கொடுத்த வருமானம் பெரும்பாலும் கொடை பெற்றவர் கைக்குப் போனது என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

வாரிசு இல்லாத அரியணைக்கு அழைத்துவரப்பட்ட அந்தச் சிறுவர், சுமார் 65 ஆண்டுகள் ஆண்டார். அவர் கேட்க வைக்கும் கேள்விகள் இன்றைய பத்திரத்துக்கும் பொருந்தும்: கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா? எல்லை எது? தண்ணீரும் வழியும் சேர்த்தியா? முன்பு அங்கே இருந்தவர் யார்? அடுத்த முறை கையெழுத்துப் போடும் முன் இந்த நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.