கும்பகோணத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தை ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். மாதச் சம்பளம் ஏறத்தாழ 20 ரூபாய். செராங்கூன் சாலையில் கடை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த வீட்டின் நிலைமை சொல்லாமலே புரியும்.

1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறியதால் அந்த உதவி நின்றது. பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. 1909இல் ஜானகியுடன் திருமணமும் நடந்துவிட்டது.

அதன்பின் கைகொடுக்க ஒவ்வொருவராக வந்தார்கள். நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். பிறர் தயவில் வாழ இராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலையில் சேர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார்கள். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். ஹார்டியின் பாராட்டு வந்ததும் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது.

ஹார்டி இங்கிலாந்துக்கு அழைத்தார். ஆனால் கடல் கடப்பது குடும்ப வழக்கத்துக்கு விரோதம். தாயார் கோமளத்தம்மாள் சம்மதிக்காமல் அவர் போகமாட்டார். 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் நெவில் மீண்டும் கேட்டபோது, தாயாரின் மனம் மாறியிருந்தது.

அடுத்தது பணம். நெவிலும் ஸ்பிரிங்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஆளுநருக்கும் எடுத்துச் சொன்னார்கள். ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கும், பயணத்துக்கும் உடைகளுக்கும் 100 பவுனும் கிடைத்தது. அந்த 250 பவுனில் 50 பவுன் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. டிரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுன் சேர்த்தது.

கோட்டு, காலணி, கத்தி முள்கரண்டி எல்லாம் அவருக்குப் புதிது. தாயையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றி அனுப்பிய பிறகே குடுமியை எடுத்தார். அவர்கள் கண்ணெதிரே அதைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. உடன் வர விரும்பிய ஜானகி அப்போது சிறு பெண். அவர் ஊரிலேயே தங்கவேண்டியதாயிற்று. 1914 மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது.

ஐந்து ஆண்டுகள் அங்கே இருந்தார். போர்க்காலத்தில் சைவ உணவுக்குத் திண்டாட்டம், குளிர், பிறகு நோய். இருந்தும் 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் ஆய்வு உறுப்பினராகவும் ஆனார். கல்லூரி அப்பதவியை ஓர் இந்தியருக்கு வழங்கியது அதுவே முதல்முறை. 1919இல் நாடு திரும்பியவர் 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் காலமானார். வயது 32. ஜானகி அம்மாள் சிறிய ஓய்வூதியத்துடனும், தையல் வேலையில் வந்த வருமானத்துடனும் திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து 1994இல் மறைந்தார். இராமானுஜன் பெற்ற புகழில் அவர் கொடுத்த பங்கையும் நாம் மறக்கக்கூடாது.

நம் சிங்கப்பூரின் முதல் தலைமைச் சட்ட அதிகாரி அகமது இப்ராஹிமும் அரசியார் உபகாரச் சம்பளத்தில்தான் கேம்பிரிட்ஜ் சென்றார். இன்றும் நம் பிள்ளைகள் உதவிநிதியையும் தாய்தந்தையரின் சேமிப்பையும் நம்பியே வெளிநாட்டுக் கல்விக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். நோயுடன் இங்கிலாந்தில் இருந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகம் மீண்டும் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது. அதில் பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தன் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அனாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிடும்படி இராமானுஜன் எழுதி அனுப்பினார்.

பொன்விழா காணும் நம் சங்கத்திடம் உதவி பெறும் பிள்ளைகளும் நாளை சம்பாதிக்கும்போது இந்தக் கடிதத்தை நினைவில் கொள்ளவேண்டும்.