துன்பத்திலும் துவளாத தாதி

பிறர் காயங்களுக்கு மருந்திட்டு வாழ்ந்தவர் சிபில் கார்த்திகேசு. அவரது வாழ்விலும் பெருங்காயங்கள் ஏற்பட்டன. ஆயினும், அவர் துவண்டு போகவில்லை.

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திராவிலுள்ள மேடான் நகரில், ஐரோப்பிய-ஆசியக் கலப்பினக் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தபின் தாதியாகவும் மகப்பேற்றுத் தாதியாகவும் பயிற்சி பெற்றார். 1919இல் கோலாலம்பூர், புக்கிட் நானாஸில் உள்ள செயிண்ட் ஜான் தேவாலயத்தில், இலங்கைத் தமிழ் மரபில் வந்த டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்தார்.

அதே ஆண்டில் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. முதல் உலகப் போரில் உயிரிழந்த தம் அண்ணன் மைக்கேலின் பெயரையே சிபில் அக்குழந்தைக்குச் சூட்டினார். ஆனால், குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே இறந்தது. அதன்பின் அத்தம்பதியர் வில்லியம் என்ற ஆண் குழந்தையைத் தத்தெடுத்தனர். 1921இல் கோலாலம்பூரில் மகள் ஓல்கா பிறந்தார். தம் முதல் குழந்தையைப் பறிகொடுத்த சிபில், பிற தாய்மாரின் பிரசவங்களுக்குத் துணைநிற்கும் பணியைக் கைவிடவில்லை. 1926இல் கணவருடன் ஈப்போவில் மருந்தகம் தொடங்கினார். கேண்டனிஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால் சீனர்களும் அவரை நம்பி நாடி வந்தனர்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் நுழைந்தது. கார்த்திகேசு குடும்பம் ஈப்போவிலிருந்து பப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சிபில், ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய கெரில்லாக்களுக்கு இரகசியமாகச் சிகிச்சை அளித்தார். தடைசெய்யப்பட்ட வானொலியை வீட்டில் மறைத்து வைத்து, போர்ச் செய்திகளைக் கேட்டார். இவை வெளிப்பட்டால் உயிருக்கே ஆபத்து என்பதை அவர் அறிந்திருந்தார்.

1943இல் சிபில் கைது செய்யப்பட்டார். விசாரணை என்ற பெயரில் கொடிய சித்திரவதைக்கு உள்ளானார். அவரது இளைய மகளான சிறுமி டானைக் கொண்டுவந்து, அவர் கண்முன்னே நெருப்பின் மேல் தொங்கவிட்டு மிரட்டினர். பெற்ற மனம் துடித்தது. எனினும், அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆயுள் தண்டனை பெற்று, பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார்.

1945இல் ஜப்பான் சரணடைந்தது. சிபில் விடுதலை பெற்றார். ஆனால், முதுகெலும்பில் பலத்த காயம் ஏற்பட்டிருந்ததால் அவரால் நடக்க இயலவில்லை. சிகிச்சைக்காக அவர் பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார். அங்கிருந்தபோது, தாம் பட்ட துன்பங்களையும் தமக்குத் துணைநின்ற மக்களின் துணிவையும் எழுத்தில் பதிவு செய்தார். பிரிட்டிஷ் அரசு அவரது வீரத்தைப் பாராட்டி ஜார்ஜ் பதக்கம் வழங்கியது.

சித்திரவதையால் ஏற்பட்ட பாதிப்புகளிலிருந்து அவர் முழுமையாக மீளவில்லை. 1948இல், தமது 48ஆம் வயதில் காலமானார். ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு நல்லடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் 1954இல் நூலாக வெளிவந்தன. ஈப்போவில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எல்லாக் காயங்களும் ஆறிவிடுவதில்லை. ஆனாலும், துன்பப்பட்டவர் தம் அனுபவத்தைப் பிறருக்குப் பயன்படும்படி மாற்ற முடியும். சிபிலின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.