சுந்தரம் கரிவரதன்

சுந்தரம் கரிவரதன் (இறப்பு: 1995) கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய வீரரும் பந்தயத் தானுந்து வடிவமைப்பாளரும் ஆவார்.

பங்களிப்பு

1980களில் இந்தியாவில் பந்தயத் தானுந்துகளை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது பெருஞ்செலவு பிடித்தது. எரிபொருள் பம்பு போன்ற சிறு உறுப்பு பழுதுபட்டாலும் மாற்றுறுப்பு எளிதில் கிடைப்பதில்லை. இந்நிலையில், மாருதி 800 மகிழுந்தின் மூன்று உருளைப் பொறியைக் கொண்ட ‘பார்முலா மாருதி’ என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயத் தானுந்தை இவர் உருவாக்கினார். பொறியின் உதிரி உறுப்புகள் உள்நாட்டுக் கடைகளிலேயே கிடைத்தமையால் செலவு குறைந்தது. புதிய ஓட்டுநர்கள் பந்தயத்துக்கு வந்தனர். 2005 இல் பார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் பார்முலா மாருதி ஓட்டியவரே.

நினைவு

1995 இல் சிறு வானூர்தி விபத்தில் இவர் இறந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்கு இவர் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டது.