குருதி பெருக்கிய அறிஞர் சுப்பாராவ்

செயற்கைக் குருதி படைக்க அறிவியலார் நெடுங்காலமாக முயன்று வருகின்றனர். மனிதக் குருதிக்கு முழுமையான மாற்று இன்னும் கிட்டவில்லை. எனினும், குன்றிய குருதியை உடலே மீண்டும் ஆக்கிக்கொள்ளத் துணைநின்ற அறிஞர் ஒருவர் உண்டு. அவர்தாம் எல்லாப்பிரகத சுப்பாராவ்.

1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிக் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னையில் தேறினார். உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தார். சோகையையும் உடன் கொணரும் கொடுநோய் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபின், இல்லாளைப் பிரிந்து அமெரிக்கா சென்றார். மருத்துவமனையில் இரவுப் பணி செய்துகொண்டே ஹார்வர்டில் கற்றார்.

பின்னர் லெடர்லி நிறுவனத்தில் அவர் தலைமையில் உழைத்த குழுவினர், 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் செம்மையாக விளைய இன்றியமையாத பொருள் அது. ஸ்புரூ நோயாளரின் சோகையும் அதனால் தணிந்தது. உடன்பிறந்தாரை இழந்தவர், ஊரறியா எண்ணற்றோரைக் காத்தார். 1948இல், தாயகம் திரும்பாமலே மறைந்தார்.

கடல் கடந்து வளைகுடாவில் வாழும் நம் இல்லங்களிலும், கருவுற்ற தாய்மார் ஃபோலிக் அமில மாத்திரை உட்கொள்கின்றனர். தேர்வில் ஒருமுறை தவறினோர் துவள வேண்டா. இருமுறை தவறியவர் ஆற்றிய தொண்டு இது!